கடலூரிலிருந்து புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்த குடும்பம்: வாக்காளர் பட்டியலில் எதை, எங்கே மாற்ற வேண்டும்?

கேள்வி: முதலியார்பேட்டை வாசகி (மார்ச் 2024, முதல் வாரம்)

அனைவருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்களுக்குச் சொந்த வீடு இருக்கிறது. கணவரின் வேலை காரணமாகச் சென்ற ஆண்டு ஆனி மாதம் முதல் புதுச்சேரி முதலியார்பேட்டையில் வாடகை வீட்டில் வசித்து வருகிறோம். நாடாளுமன்றத் தேர்தல் தேதி எந்த நாளிலும் அறிவிக்கப்படலாம் என்ற நிலையில், எங்கள் வீட்டில் ஒவ்வொருவரின் நிலையும் ஒவ்வொரு விதமாக இருப்பதால், விவரம் அறிந்தவர்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ள விரும்புகிறேன்.

எனக்கும் கணவருக்கும் கடலூர் சட்டமன்றத் தொகுதியில் பெயர் இருக்கிறது. கடந்த ஜனவரி 22 அன்று வெளியான தமிழ்நாட்டின் இறுதிப் பட்டியலிலும் அதைப் பார்த்து உறுதி செய்துகொண்டோம். சொந்த வீடு அங்கேதானே இருக்கிறது, வாக்கும் அங்கேயே இருக்கட்டும் என்று உறவினர்கள் சிலர் சொல்கிறார்கள். புதுச்சேரியில் புதிதாக ஒரு வாக்கு வாங்கிக்கொண்டு கடலூர் வாக்கையும் வைத்துக்கொள்ளலாம் என்றுகூட ஒருவர் யோசனை சொன்னார். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆண்டு முழுவதும் நாங்கள் குடிக்கும் தண்ணீரும் நடக்கும் சாலையும் புதுச்சேரியைச் சேர்ந்தவையாக இருக்கும்போது, இங்கே யார் உறுப்பினராக வர வேண்டும் என்று சொல்லும் பொறுப்பும் எங்களுக்கு உண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது, மாநில எல்லையைத் தாண்டி மாற்றுவதற்கு எந்தப் படிவம் தேவை என்பது எனக்குத் தெரியவில்லை.

மகளுக்குச் சென்ற டிசம்பரில் 18 வயது நிறைந்தது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவள் பெயரைப் புதுச்சேரியில் சேர்ப்பதா, அண்ணாமலை நகரிலா? எங்கள் வாடகை ஒப்பந்தம் பத்திரப்பதிவு செய்யப்படாதது என்பதால் முகவரிச் சான்றுக்கு எதைக் கொடுப்பது என்ற குழப்பமும் இருக்கிறது. தெரிந்தவர்கள் அன்புகூர்ந்து விளக்குங்கள்.

மறுமொழி: ஓய்வுபெற்ற ஆசிரியர், திருப்பாதிரிப்புலியூர்

வணக்கம் அம்மா. பணியில் இருந்த காலத்தில் வாக்குச்சாவடி நிலை அலுவலராகவும் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் எண்ணம் சரியானதே. அதைச் செயல்படுத்த இன்னும் காலம் இருக்கிறது, ஆனால் தள்ளிப்போடும் அளவுக்கு இல்லை.

உங்களுக்கும் கணவருக்கும் தேவையானது படிவம் 8. முன்பு ஒரு தொகுதியிலிருந்து வேறொரு தொகுதிக்குக் குடிபோனால் மீண்டும் படிவம் 6 கொடுத்துப் புதிய வாக்காளரைப் போலச் சேர வேண்டியிருந்தது. அதே தொகுதிக்குள் வீடு மாறினால் 8அ என்று தனிப் படிவம் இருந்தது. 2022 ஆகஸ்ட் 1 முதல் அந்த முறை மாறிவிட்டது. முதன்முறையாகப் பெயர் சேர்ப்பவர்களுக்கு மட்டுமே படிவம் 6. வீடு மாறியவர்கள் தொகுதிக்குள் மாறினாலும் மாநிலம் விட்டு மாறினாலும், பெயரிலோ பிறந்த தேதியிலோ திருத்தம் வேண்டுபவர்கள், அட்டையைத் தொலைத்தவர்கள், மாற்றுத்திறனாளி என்று குறிப்புச் சேர்க்க வேண்டியவர்கள் ஆகிய எல்லோருக்கும் படிவம் 8 தான். அதில் எந்தக் காரணத்துக்காக விண்ணப்பிக்கிறீர்கள் என்ற கட்டத்தில் குடியிருப்பு மாற்றம் என்பதைக் குறித்து, பழைய அட்டை எண்ணையும் புதிய முகவரியையும் எழுத வேண்டும்.

இதைக் கொடுக்க வேண்டிய இடம் புதுச்சேரியே தவிரக் கடலூர் அல்ல. முதலியார்பேட்டைத் தொகுதியின் வாக்காளர் பதிவு அலுவலர் உங்கள் பெயரை அங்கே சேர்க்க ஆணையிட்டதும், கடலூர்ப் பட்டியலிலிருந்து நீக்குவதற்கான தகவல் இங்குள்ள அலுவலருக்குச் செல்லும். நீங்கள் தனியாக நீக்கல் விண்ணப்பம் போட வேண்டியதில்லை. அட்டை எண் மாறாது. புதிய முகவரியோடு புதிய அட்டை வரும். தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவைத் தளத்திலோ வோட்டர் ஹெல்ப்லைன் செயலியிலோ செல்பேசிக்கு வரும் ஓடிபி எண்ணைக் கொண்டு உள்நுழைந்து வீட்டிலிருந்தே அனுப்பலாம். காகிதத்தில் நிரப்பி வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கையில் கொடுத்தாலும் மதிப்பு ஒன்றே.

இனிக் காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் இடறுவது இங்கேதான். இறுதிப் பட்டியல் வெளியானதோடு கதவு மூடப்படுவதில்லை. தொடர் திருத்தம் என்ற பெயரில் ஆண்டு முழுவதும் விண்ணப்பங்கள் பெறப்படுகின்றன. ஆனால் 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 23(3)-இன்படி, வேட்புமனுத் தாக்கலுக்கான கடைசி நாளுக்குப் பிறகு, தேர்தல் முடியும் வரை பட்டியலில் எந்தப் பெயரையும் சேர்க்கவோ மாற்றவோ நீக்கவோ முடியாது. அந்தக் கடைசி நாளன்று விண்ணப்பம் கொடுத்தாலும் பயனில்லை. விண்ணப்பத்தின் விவரம் பொதுப் பார்வைக்கு வைக்கப்பட்டு, ஆட்சேபம் சொல்ல ஏழு நாள் தரப்பட்டு, வீட்டு விசாரணை நடந்த பிறகே ஆணை பிறப்பிக்கப்படும் என்பதால், கடைசி நாளுக்கு ஏறத்தாழ பத்து நாள் முன்னதாகவே விண்ணப்பம் அலுவலகத்தில் இருக்க வேண்டும். 2019-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: மார்ச் 10 அன்று தேர்தல் அறிவிக்கப்பட்டது, மார்ச் 26 அன்று மனுத்தாக்கல் முடிந்தது, ஏப்ரல் 18 அன்று கடலூரிலும் புதுச்சேரியிலும் வாக்குப்பதிவு. அறிவிப்பைத் தொலைக்காட்சியில் பார்த்த பிறகு புறப்பட்டவர்களுக்குக் கிடைத்தது ஒரு வாரத்துக்கும் குறைவான காலமே. வாக்குப்பதிவுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே என்று நாட்காட்டியைப் பார்த்துக் கணக்குப் போட்டவர்கள், அந்த ஒரு மாதமும் பட்டியலுக்குக் கதவு அடைத்த காலம் என்பதை வாக்குச்சாவடி வாசலில்தான் அறிந்தார்கள். இன்றே விண்ணப்பியுங்கள்.

மறுமொழி: வழக்குரைஞர், புதுச்சேரி

ஆசிரியர் ஐயா நடைமுறையைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். இரண்டு இடத்திலும் வாக்கு வைத்துக்கொள்ளலாம் என்று உங்களிடம் சொன்னவர் எவராயினும், அந்த யோசனையைக் கேட்க வேண்டாம். அதே சட்டத்தின் பிரிவு 17, ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகளில் பதிவு பெறுவதைத் தடுக்கிறது. பிரிவு 18, ஒரே தொகுதியில் இரண்டு முறை பதிவு பெறுவதையும் தடுக்கிறது. வேறெங்கும் பெயர் இல்லை என்று தெரிந்தே பொய்யாக உறுதிமொழி அளித்தால் பிரிவு 31-இன்படி ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். அதைக் கடந்து, ஒரு பொதுத் தேர்தலில் இரண்டு தொகுதிகளில் ஒருவர் வாக்களித்தால் இரண்டு வாக்குகளுமே செல்லாதவையாகும் என்று 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 62 கூறுகிறது. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீடு வைத்திருக்கும் குடும்பங்கள் நம் பகுதியில் ஏராளம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சொந்த வீட்டைப் பற்றிய கேள்விக்கும் சட்டத்தில் நேரடியான விடை இருக்கிறது. ஒரு தொகுதியில் வீடு சொந்தமாக இருப்பதாலோ கைவசம் இருப்பதாலோ மட்டும் ஒருவர் அங்கே வழக்கமாக வசிப்பவர் ஆகிவிட மாட்டார் என்று 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 20 சொல்கிறது. எங்கே உண்டு உறங்கி வாழ்கிறீர்களோ அதுவே உங்கள் தொகுதி. ஆகவே மஞ்சக்குப்பத்து வீட்டின் வரி ரசீது உங்கள் பெயரில் இருப்பது வாக்குரிமைக்கு ஆதாரமல்ல. உங்களைப் பொறுத்தவரை இது வெறும் முகவரி மாற்றமும் அல்ல: கடலூர் மக்களவைத் தொகுதி திட்டக்குடி, விருத்தாசலம், நெய்வேலி, பண்ருட்டி, கடலூர், குறிஞ்சிப்பாடி என்ற ஆறு சட்டமன்றத் தொகுதிகளைக் கொண்டது, புதுச்சேரியோ காரைக்கால், மாஹே, ஏனாம் பகுதிகளையும் சேர்த்து ஒரே ஒரு மக்களவை உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறது.

மகளைப் பற்றி. அவளுக்குப் படிவம் 6. ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் இப்போது உள்ளன. டிசம்பரில் 18 நிறைந்தவர் என்பதால் 2024 ஜனவரி 1 என்ற தகுதி நாளிலேயே அவள் அடங்கிவிடுகிறாள். விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் பெற்றோரின் வீட்டு முகவரியிலோ விடுதி முகவரியிலோ, இரண்டில் ஒன்றில் மட்டும், பதிவு செய்துகொள்ளலாம். படிப்புக்காகத் தற்காலிகமாக வெளியூரில் இருப்பதால் வீட்டில் வசிப்பவர் என்ற தகுதி போய்விடுவதில்லை. அண்ணாமலை நகர் வருவது சிதம்பரம் மக்களவைத் தொகுதியில். வாக்குப்பதிவு நாளில் அவள் எங்கே இருப்பாள், விடுமுறைக்கு வீட்டுக்கு வருவாளா, தேர்வு இருக்குமா என்று யோசித்து அவளே முடிவு செய்யட்டும். விடுதி முகவரி என்றால் கல்வி நிறுவனத்தின் தலைவரிடமிருந்து அங்கே படித்துத் தங்கியிருப்பதற்கான சான்றும் வேண்டும்.

படிவத்தில் ஆதார் எண் கேட்கும் இடம் இருப்பதைப் பார்த்துப் பலர் தயங்குகிறார்கள். அந்த எண்ணைத் தருவது கட்டாயமில்லை என்று தேர்தல் ஆணையமே 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்திருக்கிறது.

மறுமொழி: பாகூர் வாசகர்

நானும் கடலூர்ப் பக்கத்திலிருந்து இங்கு வந்து குடியேறியவன். என் பெயரும் இப்படித்தான் மாறியது. முகவரிச் சான்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பதிவு செய்யப்பட்ட வாடகை ஒப்பந்தம் ஒரு சான்று மட்டுமே. அது இல்லையென்றால் வழி அடைந்துவிட்டது என்று பொருளல்ல. புதிய முகவரி அச்சிட்ட வங்கி அல்லது அஞ்சலகக் கணக்குப் புத்தகம், ஆதார், கடவுச்சீட்டு ஆகியவற்றில் எதுவும் போதும். குடிநீர், மின்சாரம், எரிவாயு இணைப்பின் ரசீதும் ஏற்கப்படும், ஆனால் அது குறைந்தது ஓராண்டு இணைப்பாக இருக்க வேண்டும் என்று படிவம் சொல்வதால், ஆனி மாதம் குடிவந்த உங்களுக்கு அது பொருந்தாது. வங்கிக்குச் சென்று முகவரியை மாற்றிப் புத்தகத்தில் அச்சிட்டு வாங்குவதே விரைவானது என்று எனக்குத் தோன்றுகிறது. மகளுக்குத் தாய் அல்லது தந்தையின் பெயரில் உள்ள சான்றையே கொடுக்கலாம். வயதுக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் போதும்.

விண்ணப்பம் அனுப்பியதும் கிடைக்கும் குறிப்பு எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அதைக் கொண்டுதான் பார்க்க முடியும். விசாரணைக்கு வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கு வருவார். பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளரோ ஆசிரியரோ தம் சொந்த வேலைக்கு நடுவே இதைச் செய்துவருவதால், நீங்கள் அலுவலகம் சென்றிருக்கும் நேரத்தில் அவர் வந்து பூட்டிய வீட்டைப் பார்த்துத் திரும்ப நேரலாம். அக்கம்பக்கத்தாரிடமும் வீட்டு உரிமையாளரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வாடகைக்கு இருப்பவர்களின் விண்ணப்பங்கள் பல, கொடுத்த முகவரியில் ஆளில்லை என்ற ஒரு குறிப்பினாலேயே தள்ளுபடியாகின்றன.

புதுச்சேரிப் பகுதியின் ஊர்கள் தமிழ்நாட்டு ஊர்களுக்கு இடையிடையே துண்டு துண்டாக அமைந்திருப்பது உங்களுக்குத் தெரிந்ததே. இணையத்தில் விண்ணப்பிக்கும்போது மாநிலம் என்ற இடத்தில் பழக்கத்தின் காரணமாகத் தமிழ்நாடு என்று தேர்ந்தெடுத்துவிடாதீர்கள்.

பெயரில் தலைப்பெழுத்து முன்னால் இருப்பது, பின்னால் இருப்பது, தமிழில் ஒரு எழுத்துப் பிழை போன்றவற்றையும் பிறகு சரிசெய்துகொள்வது நல்லது. குடியிருப்பு மாற்றத்துக்கு ஒன்று, திருத்தத்துக்கு ஒன்று என்று இரண்டு விண்ணப்பங்களை ஒரே நேரத்தில் போட்டு அலுவலகத்தைக் குழப்ப வேண்டாம். இடமாற்றம் முதலில் முடியட்டும். அட்டையில் உள்ள சிறு பிழைகளைக் காரணம் காட்டி, ஆள் அடையாளம் உறுதியாகும் ஒருவரின் வாக்கை மறுக்கக் கூடாது என்று ஆணையம் ஒவ்வொரு தேர்தலிலும் அறிவுறுத்துகிறது. ஆகவே எழுத்துப் பிழை காத்திருக்கலாம், இடமாற்றம் காத்திருக்க முடியாது.

முதலியார்பேட்டை வாசகி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எங்கள் இருவருக்கும் படிவம் 8 அனுப்பிவிட்டோம். வங்கிப் புத்தகத்தில் புதிய முகவரி ஏற்கெனவே இருந்தது. மகள் வீட்டு முகவரியையே விரும்புகிறாள். இன்னும் இரண்டு செய்திகளைக் கேட்க வேண்டும். என் மாமியாருக்கு 86 வயது. முழங்கால் வலியால் படி இறங்க இயலாதவர், ஆனாலும் இந்தத் தேர்தலில் வாக்களித்தே ஆக வேண்டும் என்று உறுதியாக இருக்கிறார். அவர் பெயரும் இன்னும் கடலூரில்தான் இருக்கிறது. மாமனார் காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகியும் அவர் பெயர் அந்தப் பட்டியலில் அப்படியே இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் மாமியார் மனம் வருந்துகிறார். குவைத்தில் வேலை செய்யும் என் கொழுந்தனாரும் தனக்கு வழி உண்டா என்று கேட்கிறார்.

மறுமொழி: ஓய்வுபெற்ற ஆசிரியர், திருப்பாதிரிப்புலியூர்

முதலில் மாமனாரின் பெயர், ஏனென்றால் இதில் வரிசை முக்கியம். இறந்தவரின் பெயரை நீக்கக் கோருவது படிவம் 7. அதைக் கொடுப்பவர் அதே தொகுதியின் வாக்காளராக இருக்க வேண்டும். மாமியாரின் பெயர் கடலூரில் இருக்கும்போதே அவர் கையொப்பத்துடன் இறப்புச் சான்றிதழின் நகலை இணைத்துக் கொடுத்துவிடுங்கள். உங்கள் எல்லோருடைய பெயரும் புதுச்சேரிக்கு மாறிய பிறகு, கடலூரில் உள்ள உறவினர் ஒருவரைத் தேட வேண்டியிருக்கும். இறந்தவர்களின் பெயர் பட்டியலில் நின்றுபோவது குடும்பத்தாரின் மனவருத்தத்தோடு முடிவதில்லை. வேறொருவர் அந்தப் பெயரில் வாக்களிக்க முயல்வதற்கு அது இடம் தருகிறது. என் பணிக்காலத்தில் இந்தச் சிறு கடமையைத் தாமாக முன்வந்து செய்த குடும்பங்கள் மிகக் குறைவு என்பதால், நீங்கள் கேட்டதே எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

அடுத்து மாமியார். அவருக்கும் படிவம் 8 இன்றே போக வேண்டும். புதுச்சேரிப் பட்டியலில் பெயர் ஏறினால்தான் அடுத்த படி. வீட்டிலிருந்தே அஞ்சல் வாக்கு அளிக்கும் வசதிக்கு 80 வயது என்றிருந்த வரம்பு இம்மாதத் தொடக்கத்தில் 85 ஆக உயர்த்தப்பட்டிருக்கிறது. 86 வயதான அவர் அதற்குள் வருகிறார். 40 விழுக்காட்டுக்குக் குறையாத ஊனம் உள்ளவர்களுக்கும் சான்றிதழின் பேரில் இதே வசதி உண்டு. இதற்கான படிவம் 12டி. தேர்தல் அறிவிக்கை வெளியான நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் அது தேர்தல் நடத்தும் அலுவலரைச் சென்றடைய வேண்டும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் படிவத்தை வீட்டுக்கே கொண்டுவந்து தந்து, நிரப்பியதைப் பெற்றுச் செல்வார். பின்னர் குறித்த நாளில் அலுவலர் குழு ஒன்று காவலருடனும் ஒளிப்பதிவாளருடனும் வீட்டுக்கு வரும். வாக்கு யாருக்கு என்பது மறைவாகவே இருக்கும். ஒன்றை மட்டும் அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: இந்த வசதி ஏற்கப்பட்டுவிட்டால் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே அஞ்சல் வாக்கு என்று குறிக்கப்படும், அதன் பிறகு வாக்குச்சாவடிக்குச் சென்று வாக்களிக்க இயலாது. இயந்திரத்தில் பொத்தானை அழுத்தித்தான் வாக்களிப்பேன் என்று விரும்பும் முதியோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படியானால் 12டி கொடுக்காமல், சாய்தளமும் சக்கர நாற்காலியும் உள்ள வாக்குச்சாவடிக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மகளுக்கு என் வாழ்த்துகள். வாக்களிக்கும் வயது 21-இலிருந்து 18 ஆனது 1989-இல். அவ்வாண்டு இறுதியில் நடந்த மக்களவைத் தேர்தலில் கல்லூரிப் பிள்ளைகள் முதன்முறையாக வரிசையில் நின்றதைப் பார்த்தவன் நான்.

மறுமொழி: வழக்குரைஞர், புதுச்சேரி

உங்கள் கொழுந்தனாருக்கு வழி உண்டு. வேறு நாட்டுக் குடியுரிமை பெறாமல் இந்தியக் குடிமகனாகவே இருப்பவர் என்றால், படிவம் 6அ மூலம் வெளிநாடு வாழ் வாக்காளராகப் பதிவு செய்யலாம். கடவுச்சீட்டில் உள்ள இந்திய முகவரியே அவருடைய தொகுதியைத் தீர்மானிக்கும். பரங்கிப்பேட்டை, லால்பேட்டை போன்ற ஊர்களில் வளைகுடா நாடுகளுக்குச் சென்றவர்கள் இல்லாத தெருவே அரிது, ஆனால் இந்த வழியை அறிந்தவர்கள் அவர்களில் குறைவு. வாக்களிக்க மட்டும் அவர் நேரில் வர வேண்டும், அப்போது அசல் கடவுச்சீட்டையே அடையாளமாகக் காட்ட வேண்டும். மாறாகப் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற நம் புதுச்சேரிக் குடும்பத்தினர், இங்கேயே வாழ்ந்தாலும், வெளிநாடு வாழ் இந்தியக் குடிமகன் என்ற அட்டை வைத்திருந்தாலும், வாக்காளராக முடியாது.

விண்ணப்பம் எதுவும் தள்ளுபடியானால் காரணத்தைக் கேட்டுப் பெறுங்கள். 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 24-இன்படி மாவட்ட அளவில் முதல் மேல்முறையீடும், அதன் பிறகு தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் இரண்டாவது மேல்முறையீடும் செய்யலாம். முதலாவதற்குப் பதினைந்து நாள் அவகாசம்.

புதிய அட்டை தேர்தலுக்குள் கைக்கு வந்து சேரவில்லை என்றால் கவலைப்பட வேண்டாம். முதலியார்பேட்டைப் பட்டியலில் பெயர் இருந்தால், கடலூரில் வழங்கப்பட்ட பழைய அட்டையையே அடையாளமாகக் காட்டலாம். ஆதார், ஓட்டுநர் உரிமம், புகைப்படத்துடன் கூடிய வங்கிக் கணக்குப் புத்தகம் போன்றவையும் ஏற்கப்படும். ஆனால் அட்டை கையில் இருந்து பட்டியலில் பெயர் இல்லை என்றால் அன்று எவரும் எதுவும் செய்ய இயலாது. ஆய்வுக்குரிய வாக்கு என்ற ஒன்று இருக்கிறதே என்று சிலர் வாதிடுவார்கள். அது, பட்டியலில் பெயர் உள்ள ஒருவரின் வாக்கை வேறொருவர் முன்பே போட்டுவிட்ட நேரத்துக்கு மட்டும் உரியது. எனவே மனுத்தாக்கல் முடிந்த பிறகு வெளியாகும் துணைப்பட்டியலில் உங்கள் நால்வரின் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இணையத்தில் பார்க்க இயலாவிட்டால் 1950 என்ற எண்ணை அழைத்து அட்டை எண்ணைச் சொன்னால் விவரம் தருவார்கள்.